தெமோதரைத் தடங்கள்: ஊவா மலைப்பாதைகளின் வரலாறு

எல்லவுக்கும் ஹாலிஎலவுக்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள தெமோதரை, இலங்கையின் ஊவா மாகாணத்தின் நிலத்தோற்றம் முழுவதையும் சுருக்கிக் காட்டும் ஓர் இடமாகும். அதன் மேற்கே பண்டாரவளை மேட்டுநிலமும், கிழக்கே 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலை மலையும், தெற்கே தென்சமவெளியை நோக்கித் திடீரென இறங்கும் எல்ல இடைவெளியும், வடக்கே பதுளை ஓயாவின் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. இந்த நாற்புறத்தையும் இணைக்கும் சிறு பாதைகள் புல்மேடுகளின் முதுகிலும் தேயிலைச் சரிவுகளின் இடுப்பிலும் ஓடைகளை ஒட்டிய காட்டுக் கீற்றுகளினுள்ளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அண்மைக் காலத்தில் இப்பாதைகள், கரடுமுரடான தரையில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மலைச் சைக்கிள்களில் வருவோரையும் நெடுநடைப் பயணிகளையும் உலகின் பல பகுதிகளிலிருந்து ஈர்க்கின்றன. அவர்களுக்கென எழுதப்படும் வழிகாட்டிகள் பாதையோரத்துக் காட்சியை விரிவாக விவரிக்கின்றன. பாதையை இயற்கையின் ஒரு பகுதியாகவே எண்ணிக் கடந்துவிடுகின்றன. ஆயினும் ஊவாவின் எந்த மலைப்பாதையும் தானாகத் தோன்றியதன்று. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு தேவைக்காக யாரோ ஒருவரின் மண்வெட்டியாலோ வெறுங்காலாலோ உண்டாக்கப்பட்டது. அவற்றில் மிகப் பெரும் பகுதி, தாம் வெட்டிய நிலத்தில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லாதிருந்த மலையகத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பாகும்.

பாதைகளின் வரலாற்றுக்கு முன் அவை ஓடும் நிலத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சிங்களத்தில் பத்தன என்றும் மலையகத் தமிழில் பத்தனை என்றும் வழங்கும் புல்வெளிகளே ஊவா வடிநிலத்தின் தனி அடையாளம். இப்புல்வெளிகளைத் தாவரவியல் நோக்கில் முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரான எச். எச். டபிள்யூ. பியர்சன், 1899-இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றை உலர் பத்தனை, ஈரப் பத்தனை என இரண்டாகப் பகுத்தார். ஏறத்தாழ 1,500 மீற்றருக்குக் கீழே, பதுளையையும் பண்டாரவளையையும் சூழ்ந்து கிடப்பது உலர் பத்தனை. இங்கு ஆள் மறையும் அளவுக்கு வளரும் மானாப்புல், வறண்ட மாதங்களில் வைக்கோல் நிறமாகி ஒரு தீப்பொறிக்கே பற்றி எரியும். ஹோட்டன் சமவெளி போன்ற உயர்ந்த இடங்களில் காணப்படும் ஈரப் பத்தனை, கரிய மக்கு மண்ணும் சதுப்பும் குட்டைப் புல்லும் இடையிடையே சிவந்த பூப் பூக்கும் ரோடடென்ட்ரன் மரங்களும் கொண்டது. இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்கொட்லாந்திலும் 'மூர்' எனப்படும், மரமற்ற, காற்றடிக்கும் மேட்டுநிலத்தை இது பல வகையில் ஒத்திருந்தமையால், அங்கிருந்து வந்த தோட்டத்துரைமார் பலருக்கு ஹோட்டன் சமவெளி தம் ஊரை நினைவூட்டியதில் வியப்பில்லை. 1988-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அச்சமவெளி, 2010-இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமை இடத்தின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது.

பத்தனைக்கும் பள்ளத்தாக்குக் காட்டுக்கும் இடையிலான எல்லை மிகக் கூர்மையானது. மேட்டில் புல், ஓடை வெட்டிய மடிப்பில் அடர்ந்த மரம். இந்த அமைப்பே ஊவாவின் பழைய பாதைகள் செல்லும் வழியைத் தீர்மானித்தது. காட்டு மடிப்பினூடாகப் போவதைவிடப் புல்மேட்டின் முதுகில் போவது எளிது, தொலைவிலிருந்து வருவோரைப் பார்ப்பதும் எளிது. ஆகவே பழந்தடங்கள் மேட்டு முதுகைப் பற்றிக்கொண்டு சென்று, ஆற்றைக் கடக்க வேண்டிய இடத்தில் மட்டும் செங்குத்தாக இறங்கி மறுபுறம் ஏறின.

கண்டி இராச்சிய காலத்தில் இத்தடங்கள் வேண்டுமென்றே குறுகலாக வைக்கப்பட்டன. அகன்ற சாலை அரசனுக்குப் பயன்படுவதைவிடப் படையெடுத்து வருவோனுக்கே அதிகம் பயன்படும் என்பதைக் கண்டியர் நன்கு உணர்ந்திருந்தனர். மலைக் கணவாய்களில் கடவத்தை எனப்பட்ட காவல் வாயில்கள் முட்கம்புகளால் அமைக்கப்பட்டு, வருவோர் போவோர் சோதிக்கப்பட்டனர். பாதையின் கடினமே அரணாக அமைந்ததை 1630-ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்துத் திரும்பும் வழியில், ரந்தெனிவெலவில் சூழப்பட்டுத் தன் படையோடு அழிந்தான்.

அக்காலப் பாதைகளுக்கு எஞ்சியிருக்கும் மிகச் சிறந்த சான்று தெமோதரைக்கு அண்மையிலேயே உள்ளது. ஹாலிஎலவிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், கல்லந்த ஓயாவின் மேல் நிற்கும் போகொட மரப்பாலம், பதுளையைக் கண்டியோடு இணைத்த பழைய வழியில் அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இப்பாலம் இலங்கையில் எஞ்சியுள்ள மரப்பாலங்களுள் மிகப் பழையது எனக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ 15 மீற்றர் நீளமும் இரண்டு மீற்றருக்கும் குறைவான அகலமும் கொண்ட அதன் மேல் ஓட்டுக் கூரை வேயப்பட்டுள்ளது. இரு மருங்கிலும் செதுக்கிய மரக் கைப்பிடிகள் உள்ளன. வண்டி போக முடியாத இந்த அகலமே அக்காலப் போக்குவரத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. மனிதரும் பொதிமாடுமே இவ்வழிகளில் சென்றனர். தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிவந்து, பாக்கும் மிளகும் தானியமும் கொண்டு திரும்பின. மலைநாட்டு முஸ்லிம்கள் இத்தொழிலில் தலைமுறைகளாக ஈடுபட்டிருந்தனர். மாட்டின் குளம்பு ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் பதிவதால் தவளப் பாதை காலப்போக்கில் பள்ளமாகி மழைநீருக்கு வாய்க்காலாகும். பின் மாடுகள் அதன் அருகே புதுத் தடம் போடும். பத்தனை மேடுகளில் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும் பழைய பள்ளத் தடங்கள் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபோது இந்தப் பாதையின்மையே அவர்களுக்குப் பெரும் இடராயிற்று. 1817-இல் ஊவாவில் தொடங்கிய எழுச்சியில் பதுளையின் அதிகாரியாயிருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். அவ்வெழுச்சியை அடக்க வந்த படைகள் 1818-இன் இறுதிவரை ஊவாவின் வயல்களையும் வீடுகளையும் கால்நடைகளையும் அழித்தன. அந்தப் பேரழிவிலிருந்து மீள ஊவாவுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆட்சியாளர் அதிலிருந்து பெற்ற பாடமோ சாலை வேண்டும் என்பதே. 1840களின் முற்பகுதியில் பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்ற கொடும் புகழோடு, ஊவாவில் வழிகள் அமைத்தவர் என்றும் நினைவுகூரப்படுகிறார். 1845-இல் ஹப்புத்தளையில் இடி தாக்கி அவர் இறந்தார். பதுளை சென் மார்க்ஸ் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல்வெட்டு உண்டு. யானைகள் காலங்காலமாக மிதித்து உண்டாக்கிய, சரிவை அறிந்து வளைந்து செல்லும் தடங்களைப் பின்பற்றி மலைநாட்டு வழிகள் பல அமைந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அந்த யானைகளை அழித்தவரே பாதைகளையும் அமைத்தார் என்பது மனத்தை வருத்தும் உண்மை.

இதே காலத்தில் தீவு முழுதும் சாலை அமைத்த தோமஸ் ஸ்கின்னர், மலைநாட்டின் பெரும் பகுதியை அளந்து வரைபடமாக்கினார். 1848-ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஆனால் பெருஞ்சாலைகள் நகரங்களை மட்டுமே இணைத்தன. இன்று தெமோதரையைச் சுற்றி மலைச் சைக்கிளில் வருவோர் ஓட்டுவது அச்சாலைகளில் அன்று. அவற்றிலிருந்து பிரிந்து மலைச்சரிவெங்கும் படர்ந்த தோட்டப் பாதைகளே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள்.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தோட்டம் ஒன்று திறக்கப்படும்போது, காடு வெட்டி எரித்தபின் முதலில் நடக்கும் வேலை பாதைக்குக் கோடு போடுவது. இதற்கெனவே உருவான ஒரு கருவி 'சிலோன் காட் ட்ரேசர்' என்ற பெயருடன் இந்தியப் பொறியியல் பாடநூல்களில் இன்றும் விளக்கப்படுகிறது. ஓர் அளவைக் கருவி இலங்கை மலைகளின் பெயரையே தாங்கி நிற்பது அரிய செய்தி. ஒரு கோலின் உச்சியில் தொங்கும் குழலே அதன் முதன்மை உறுப்பு. குழலின் ஒரு முனையில் கண் வைக்கும் துளையும் மறுமுனையில் குறுக்குக் கம்பியும் உள்ளன. அதன் மேல் ஒரு பாரம் முன்னும் பின்னும் நகரும். பாரத்தை அளவுக்குறியில் வேண்டிய இடத்துக்கு நகர்த்தினால், குழல் அதற்கேற்ற சாய்வில் நிற்கும். கருவியின் அதே உயரத்தில் குறியிட்ட கோலொன்றை இன்னொருவர் சரிவில் பிடித்து நிற்க, குழலினூடாக அக்குறி தெரியும்வரை அவரை மேலும் கீழும் நகரச் செய்து, நின்ற இடத்தில் முளை அடிப்பர். முளைகளைத் தொடுத்தால், மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே புகுந்து வெளியே வரும், சீராக ஏறும் ஒரு கோடு கிடைக்கும். அக்கோட்டின் மேல்புறம் மண்ணை வெட்டிக் கீழ்ப்புறம் கொட்டினால் பாதை. மேல்புற ஓரத்தில் வெட்டும் நீர்க்கால்வாயைத் தோட்டத்து மக்கள் கான் என்பர். கான் இல்லாத பாதை ஊவாவில் ஒரு மாரியைத் தாங்காது.

முளை அடிக்கும் இடத்தைச் சொன்னவர் துரை. வெட்டியவர்கள் தமிழகத்தின் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களிலிருந்து, ஆள்சேர்ப்போரும் மேற்பார்வையாளருமான கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள். அவர்களுடைய முதற் பாதை மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை வறண்ட காட்டினூடே சென்ற வடபாதை. அதில் வாந்திபேதியாலும் பசியாலும் களைப்பாலும் இறந்தோர் எத்தனை பேர் என்பது என்றும் சரியாகக் கணக்கிடப்படவில்லை. ஊவாத் தோட்டங்களுக்கு வந்தோர் மாத்தளையைக் கடந்தபின்னும் மேலும் பல நாள் மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. இரயில் நானுஓயாவுக்கு 1885-இலும், ஹப்புத்தளைக்கு 1893-இலும், பண்டாரவளைக்கு 1894-இலும்தான் வந்தது. அதற்கு முன் ஊவாவுக்கு வந்த தொழிலாளரில் மிகப் பலர், தலையில் சுமை ஏற்றியோ இடுப்பில் குழந்தையைத் தூக்கியோ, வழியின் பெரும் பகுதியைக் காலால் நடந்தே வந்தவர்கள்.

தோட்டத்துக்குள் இரு வகைப் பாதைகள் உருவாயின. இவ்விரண்டின் வேறுபாடே ஊவா மலைப்பாதைகளைப் புரிந்துகொள்வதற்கு அடிப்படை. முதலாவது, கருவியால் கோடு போட்டு வெட்டிய பாதை. அதில் மாட்டுவண்டி போகும் அகலமுள்ளதை மக்கள் கரத்தை ரோட்டு என்றனர், கரத்தை என்பது வண்டி. பங்களாவையும் ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலையையும் அரச சாலையையும் அது இணைத்தது. துரை குதிரை மேல் அமர்ந்து, மூச்சு வாங்காமல் தோட்டத்தின் எல்லா மலைகளையும் பார்வையிடும் வகையில் அதன் சாய்வு அமைந்தது. இரண்டாவது, எவரும் கோடு போடாத குறுக்குப் பாதை. விடியற்காலையில் பெரட்டுக் களம் எனும் வருகைப் பதிவிடத்துக்கு ஓட வேண்டிய தொழிலாளியும், நிறை கூடையோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு விரைந்த பெண்ணும், பால் கொடுக்க, குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து திரும்ப வேண்டிய தாயும் சீரான சாய்வைப் பற்றிக் கவலைப்பட முடியாது. கரத்தை ரோட்டின் நான்கு வளைவுகளை ஒரே நேர்கோட்டில் வெட்டிச் செல்லும் குறுக்குப் பாதை, வேர்களையும் பாறைகளையும் படிகளாக்கிக்கொண்டு தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து மலைக்கு ஏறியது. ஒன்று அதிகாரம் பார்வையிட்ட வழி. மற்றது உழைப்பு நேரத்தோடு போட்டியிட்ட வழி. ஊவாவின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் கடிதங்களையும் அறிக்கைகளையும் தேடுவதோடு, எந்தத் தோட்டத்திலும் இன்றும் கண்ணால் காணக்கூடிய இந்த இரு தடங்களையும் ஓர் ஆவணமாகக் கொள்ள வேண்டும்.

இப்பாதைகளில் நடமாட்டம் சுதந்திரமானதன்று. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, உரிய அறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளி தண்டனைக்குரியவர். அவர் இன்னொரு தோட்டத்தில் சேர, கடன் விவரம் எழுதிய துண்டு எனும் சீட்டு வேண்டும். பழைய தோட்டத்தில் அவருக்கிருந்த கடனைப் புதிய தோட்டம் செலுத்த ஏற்றுக்கொண்டால்தான் அது பயன்படும். 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள தோட்டத்துக்குச் செல்லும் குறுக்குப் பாதை, உறவினர் வீட்டுக்குப் போகும் வழியாக இருந்ததோடு, இரவில் தப்பிச் செல்லும் வழியாகவும் இருந்தது. ஆட்சியாளர் குற்றப் பதிவுகளில் ஓடிப்போனவர் என எழுதியவர்களுக்கு அப்பாதையே ஒரே உரிமை.

ஊவாப் பாதைகளின் அடர்த்தியைப் பெருக்கியது ஒரு பயிர் நோய். 1869-இல் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில், கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் துவேட்ஸ் அனுப்பிய இலைகளைக் கண்டு இங்கிலாந்தில் பெர்க்லி அந்தப் பூஞ்சைக்கு 'ஹெமிலியா வஸ்டட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய பயிர், தோட்டத்து நடையையே மாற்றியது. கோப்பி ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே பழுத்தது. தேயிலையோ ஆண்டு முழுதும், வாரத்துக்கு ஒருமுறையோ அதற்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியிலோ ஒவ்வொரு மலையிலும் கொழுந்து எடுக்க வேண்டியது, எடுத்ததை அன்றே வாடாமல் ஸ்டோருக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது. ஆகவே தேயிலை நிரைகளுக்கிடையே புதுக் காலடிப் பாதைகள் வெட்டப்பட்டன. மிகச் செங்குத்தான இடங்களில் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டுப் பள்ளத்தாக்கைக் கடத்தினர். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா வடிநிலத்தில் வீசும் வறண்ட கச்சான் காற்று கொழுந்துக்குத் தனி மணத்தைத் தந்து, ஊவாத் தேயிலையை உலகச் சந்தையில் தனிப் பெயராக்கிற்று. 1886-இல் ஊவா, மத்திய மாகாணத்திலிருந்து பிரிந்து தனி மாகாணமாயிற்று. 1890-இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பதென்னை முதலான தோட்டங்களை வாங்கினார்.

பண்டாரவளையில் முப்பது ஆண்டு நின்ற இரயில் பாதை 1924-இல் பதுளையை அடைந்தபோது, தெமோதரை உலகறிந்த ஓர் அடையாளத்தைப் பெற்றது. இரயில், தோட்டத்துக் கரத்தையைவிட மிக மெல்லிய சாய்வையே தாங்கும். மலைநாட்டுப் பாதையில் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி என்ற அளவை மீறாதபடி வகுக்கப்பட்டது. எல்லவில் ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கும் தண்டவாளம், ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் 650 மீற்றரளவில் உள்ள பதுளைக்கு இறங்க வேண்டும். 1921-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், உருக்குச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, ஏறத்தாழ 91 மீற்றர் நீளத்தில் இரு மலைகளை இணைத்தது. தெமோதரையிலோ மலை மிகச் சடுதியாக இறங்கியதால், தண்டவாளத்தை நிலையத்தைக் கடந்து மலையைச் சுற்றி இறக்கி, நிலையத்துக்கு நேர் கீழே குடைந்த சுரங்கத்தினூடாக மீண்டும் கொண்டுவந்தனர்.

இந்தச் சுருள் அமைப்பு தோன்றிய விதம் குறித்து ஒரு வாய்மொழி வழக்கு உண்டு. வழி தெரியாது நின்ற பொறியியலாளர், கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த யோசனையைப் பெற்றார் என்பது அது. அப்பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எனச் சொல்வோரும் உண்டு. ஆவணச் சான்று தேடுவோர்க்கு இக்கதை திருப்தி தராது. ஆனால் தெமோதரையின் பெருமைக்குரிய பொறியியற் செயலை எண்ணும்போதெல்லாம் ஒரு தமிழ்த் தொழிலாளியின் தலைப்பாகையை மக்கள் விடாமல் நினைவில் வைத்திருப்பது, நூல்களில் இடம்பெறாத ஒரு பங்குக்கு அவர்கள் கோரும் உரிமை என்றே கொள்ளத்தக்கது. சுருளைச் சுற்றி இரயில் மெல்ல இறங்கும் நேரத்தில், நிலையத்திலிருந்து சுரங்கவாய்க்குக் குறுக்குப் பாதையில் இறங்குவோர் அதற்கு முன்பே அங்கு சேர்ந்துவிடலாம்.

சைக்கிள் இவ்வரலாற்றினுள் மிகத் தாமதமாகவே நுழைகிறது. இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவான 'சேஃப்டி' சைக்கிளை ஸ்டார்லி 1885-இல் இங்கிலாந்தில் சந்தைக்குக் கொண்டுவந்தார்; 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அத்தகைய டயர்களுக்குத் தேவைப்பட்ட றப்பரில் ஒரு பகுதி பின்னர், 1876-இல் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த நாற்றுகளின் வழித்தோன்றல்களிலிருந்து இலங்கையில் வளர்க்கப்பட்டது. ஊவாவின் கீழ்ப்பகுதியான மொனராகலைப் பக்கத்திலும் றப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவற்றிலும் பால் வெட்டியோரில் தமிழ்த் தொழிலாளர் பலர். உலகம் சைக்கிளில் உருண்டதில் அவர்கள் கைக்கும் பங்குண்டு. ஆயினும் ஒற்றைப் பற்சக்கரமும் மெல்லிய டயரும் கொண்ட அக்காலச் சைக்கிள் மலைத்தோட்டத்துக்குப் பொருந்தவில்லை. ஏற்றத்தில் தள்ளவும் இறக்கத்தில் பிடித்து நிறுத்தவுமே ஆள் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சைக்கிள் அன்றாட வாழ்வின் உறுப்பானபோது, மலையகம் தொடர்ந்து நடந்தது. தபாலகத்திலிருந்து பையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த தப்பால்காரரும் நடந்தே வந்தார்.

இந்தத் தடையை நீக்கிய மாற்றம் கலிபோர்னியாவின் மெரின் மாவட்டத்தில் நிகழ்ந்தது. அங்கு காட்டுத்தீயைத் தடுக்க வெட்டிய மண்பாதைகளில், பழைய கனத்த சைக்கிள்களை இளைஞர் சிலர் ஓட்டி இறங்கினர். 1976 ஒக்டோபர் 21-இல் அவர்கள் நடத்திய முதற் போட்டி 'ரீபேக்' எனப்பட்டது. பின்சக்கர அச்சில் உள்ள பிரேக், இறக்கத்தின் சூட்டில் கிரீஸ் உருகிப் புகைந்ததால், ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் அதில் மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததே அப்பெயருக்குக் காரணம். அடுத்த ஆண்டில் ஜோ பிரீஸ் இதற்கெனத் தனிச் சட்டகம் செய்யத் தொடங்கினார். 1979-இல் கெரி ஃபிஷரும் சார்ல்ஸ் கெலியும் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே இத்தகைய சைக்கிளுக்குப் பொதுப் பெயராயிற்று. 1981-இல் தொழிற்சாலையில் பெருமளவில் செய்த மலைச் சைக்கிள் விற்பனைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாக இடம்பெற்றது. அகன்ற முரட்டு டயர், நடக்கும் வேகத்திலும் மிதிக்கக்கூடிய பற்சக்கரத் தொகுதி, அதிர்வை உள்வாங்கும் முன்கவை, ஈரத்திலும் பிடிக்கும் தட்டு பிரேக் ஆகியவை சேர்ந்தபோது, நூறாண்டுக்கு முன் குதிரைக்கும் மாட்டுவண்டிக்கும் கணக்கிட்ட சாய்வு மனிதக் காலால் மிதிக்கத்தக்க சாய்வாகிவிட்டது.

ஊவாவின் தோட்டப் பாதைகள் மலைச் சைக்கிளுக்கு இவ்வளவு இசைவதன் காரணம் இங்கேயே உள்ளது. கரத்தை ரோட்டின் சாய்வு நீண்ட ஏற்றத்துக்கு உகந்தது. குறுக்குப் பாதையோ ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய, வேரும் கல்லும் திடீர் வளைவும் நிறைந்த இறக்கம். ஓட்டுநர் ஒற்றைத் தடம் என்று தேடி விரும்புவது அதையே. இவற்றோடு மேட்டில் பத்தனையின் திறந்த வெளியும், மடிப்பில் காட்டின் நிழலும், 1960களுக்குப் பின் புல்வெளிகளில் நடப்பட்ட பைன் மரங்களின் உதிர்ந்த ஊசியிலை மெத்தையும் மாறிமாறி வருகின்றன. கச்சான் வீசும் வறண்ட மாதங்களே இதற்கு ஏற்ற காலம். ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவமழையில் செம்மண் சேறாகி டயரில் அப்பிக்கொள்ளும், அட்டையும் பெருகும். 2014-இல் தொடங்கிய 'ரம்பிள் இன் த ஜங்கிள்' எனும் நான்கு நாள் மலைச் சைக்கிள் போட்டி இலங்கை மலைநாட்டை இவ்விளையாட்டின் வரைபடத்தில் சேர்த்தது. அதன்பின் வகுக்கப்பட்ட, 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நெடுநடைப் பாதை, கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை வழியாகச் சென்று நுவரெலியாவில் முடிகிறது. நடப்போருக்கென வகுக்கப்பட்டதாயினும், பழைய தோட்டப் பாதைகளைத் தொடுத்தே அமைந்தமையால், அதன் பல பகுதிகள் சைக்கிளுக்கும் ஏற்றவை.

இங்கிலாந்தின் பென்னைன் மலைகளில் இதற்கு நெருங்கிய ஓர் ஒப்புமை உண்டு. கம்பளித் துணி ஏற்றிய பொதிக்குதிரைகள் மூர் மேட்டுக்கும் மரமடர்ந்த பள்ளத்தாக்குக்கும் இடையே சென்ற கற்பாதைகளில் இன்று மலைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஆனால் அங்கு 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை, நடப்போருக்கும் குதிரையில் வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, வெளிப்படையாக வழங்கியது. ஊவாத் தோட்டங்கள் 1970களின் நிலச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு வந்தவை. அங்கு பாதை நிருவாகத்தின் கைக்குள்ளேயே இருக்கிறது. வருகையாளர் அதில் செல்வது இசைவினால்; அங்கேயே பிறந்து வளர்ந்தவர் அதில் செல்வதும் நீண்ட பழக்கத்தினாலேயே.

இந்தப் பழக்கத்தின் ஆழத்தை அளக்க, பாதையை வெட்டியோரின் வழிவந்தோருக்கு நேர்ந்ததை நினைக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் தாம் அறிந்த குறுக்குப் பாதையில் கடைசியாக இறங்கி இரயிலேறினர். எஞ்சியோரின் குடியுரிமைக் கேள்வி 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. ஆள் குறைந்த தோட்டங்களில் கொழுந்து எடுக்காமல் விட்ட மலைகள் காடாக, அவற்றுக்குச் சென்ற பாதைகளும் பற்றைக்குள் மறைந்தன. கான் வெட்டித் துப்புரவாக்க ஆளில்லாத இடங்களில் மழைநீர் பாதையையே ஓடையாக்குகிறது. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது, ஊவா மலைச்சரிவின் நீர்வழியைப் புறக்கணிப்பது எவ்வளவு கொடிய செயல் என்பதை நாட்டுக்கே உணர்த்தியது.

ஆகவே பாதைக்குப் புதிதாகக் கிடைத்திருக்கும் கவனம் வரவேற்கத்தக்கதே. பயணிகள் வரும் பாதையில் பற்றை வெட்டப்படுகிறது, கான் திருத்தப்படுகிறது, தேநீர்க் கடையொன்று திறக்கிறது. ஆனால் சக்கரம் ஏற்படுத்தும் அரிப்பும் உண்மையானது. ஈரத் தரையில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி இறங்கினால் உண்டாகும் பள்ளம், அடுத்த மழையில் நீர்வழியாகிவிடும். காலையில் கொழுந்துக் கூடையோடு அதே பாதையில் ஏறும் பெண்ணுக்கு அது இடர். பாதையைப் பேணும் வேலைக்கு வருகையாளர் தரும் பணத்தில் ஒரு பங்கு லயத்து மக்களுக்குக் கூலியாகச் சேர வேண்டும் என்பதும், எவ்வழியில் எக்காலத்தில் சைக்கிள் போகலாம் என்பதை முடிவுசெய்வதில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கைகள்.

இன்னொரு பணி வரலாற்றாசிரியருக்குரியது. நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத் தாள்கள் பெருஞ்சாலை, வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை ஆகியவற்றைத் தனித்தனிக் கோடுகளால் காட்டுகின்றன; தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்களும் அவற்றில் உண்டு. பாதைகளுக்கும் அவை செல்லும் மலைகளுக்கும் லயங்களுக்கும் தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயர்களை அத்தாள்களில் காண முடியாது. அப்பெயர்கள், கோவில், மரம், ஆற்றுத் துறை, பழைய கங்காணி எனப் பலவற்றை நினைவில் கொண்டு வழங்குபவை. தெமோதரையிலும் ஸ்பிரிங்வெளியிலும் மடுல்சீமையிலும் அவற்றை அறிந்த முதியோர் இன்னும் இருக்கிறார்கள். புதிய பாதைப் பலகைகள் எழுதப்படும் இக்காலத்தில், தோட்டந்தோறும் சென்று அப்பெயர்களைக் கேட்டுப் பதிவுசெய்து, பழைய வரைபடத் தாளின் மேல் ஒவ்வொன்றாகக் குறிப்பது, பதுளை மாவட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் உடனே தொடங்கக்கூடிய வேலை.